இரும்புப் பெட்டிக்கு நிலை

வைகாசி, வெள்ளிக்கிழமை இரவு.

இண்டைக்கு மாப்பிள்ளையின்ரை தாய் வீடு பாக்க வந்தவ. என்ரை கடைசி மகள் சுதாவுக்குச் சீதனமாக் குடுக்கிற வீடு. கப்பலிலை சாமான் ஏத்திற ரெண்டு இரும்புப் பெட்டியைச் சேத்து, யன்னல் வெட்டி, வெக்கை இறங்காமல் மேலை பனையோலை வேய்ஞ்சது. வேய வந்தவர் நாதஸ்வரக்காரருக்குப் பேர்போன அளவெட்டி ஊர்க்காரர். ஒரு ஓலைக்கு ஒரு நாதஸ்வரக் கதை. அதை விடுவம்.

மனிசி படலையிலை நிண்டே கேட்டா, "எங்கையக்கா வீடு?"

"இதுதான்."

"இதோ? இது வெங்காயம் வந்த பெட்டியெல்லோ! நிலை வைக்காத வீட்டிலை என்ரை பெடியன் எப்பிடிக் காலெடுத்து வைக்கிறது?"

கூட வந்தவை சிரிச்சினம். ஆனால் அவ சொன்னதிலையும் நியாயம் இருக்கு. வாசல் நிலை வைச்சு, மஞ்சள் பூசி, மாவிலை கட்டினால்தானே எங்கடை ஆக்களுக்கு அது வீடு. பெட்டியோடையே கதவு வந்ததாலை நாங்கள் நிலையை நினைக்கவேயில்லை.

பின்னேரம் ஆசாரியாரிட்டைப் போனன்.

"இரும்பிலை மரநிலையோ? ஊர் சிரிக்கும் தங்கச்சி."

"ஊர் சிரிச்சு முடிஞ்சுது அண்ணை. நீங்கள் வேம்பிலை நிலையைச் செய்யுங்கோ."

தலையைச் சொறிஞ்சுபோட்டு ஓமெண்டார். வெல்டிங் செய்யிறவர் கிழக்குப் பக்கம் வாசல் வெட்டித் தருவார்.

நாள் பாத்து நிலை வைப்பன். அந்த மனிசிக்கும் சொல்லி அனுப்புவன். வந்தால் வெத்திலை குடுத்து உள்ளை கூப்பிடுவன். வராட்டில் சம்மந்தம் போகட்டும். வீடு மாப்பிள்ளைக்கில்லை, சுதாவுக்கு. அவள் பாயைச் சுருட்டிக்கொண்டு போய் இண்டைக்கே அங்கை படுத்திட்டாள்.