மரத்துப்போனவனுக்குத் தெரியாது

அன்பு மகள் வாயாடிக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவால் இங்கே நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வேலைக்குப் போகிறேன், அதனால் சுகம் என்றுதான் சொல்லிக்கொள்ள வேண்டும். அங்கே உனக்கும் இந்த மூன்றில் ஒன்றும் குறையாமல் இருக்க அவரைக் கேட்டுக்கொண்டு பேனாவை எடுக்கிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே, அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுத் தப்பித்து ஓடியது உனக்குத் தெரிந்ததுதான். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நான் ஜோக்கடித்து நழுவிவிடுவேன், பேப்பர் என்றால் அது சிரிக்காது, அதனால் நானும் கொஞ்சம் ஒழுங்காகப் பேசுவேன்.

வீட்டில் எல்லாம் அப்படியேதான். குழாய் சொட்டுகிறது. மேல்வீட்டுக்காரர் புதிதாக நாய் வாங்கியிருக்கிறார், அது ஊரையே பார்த்துக் குரைக்கிறது, என்னைப் பார்த்தால் மட்டும் திரும்பிப் படுத்துக்கொள்கிறது, ஒரு திருடன் அளவுக்குக்கூட என்னை மதிக்கவில்லை. ஃபேன் சண்டை உனக்கு ஞாபகம் இருக்கும், நாள் முழுக்க ஐஸ் ரூமில் நின்றுவிட்டு வருகிற நான் அணை என்பேன், அடுப்படியில் வெந்துவிட்டு வருகிற உங்கம்மா அஞ்சில் வை என்பாள். இப்போது சண்டைக்கு ஆள் இல்லை, நானே அஞ்சில் போட்டுவிட்டுப் போர்வையைச் சுற்றிக்கொண்டு கீழே உட்கார்ந்திருக்கிறேன். யாராவது பார்த்தால் பைத்தியம் என்பார்கள், பார்க்கத்தான் யாரும் இல்லையே. சர்ச்சில் நம்ம பெஞ்சில் உங்கம்மா உட்காரும் இடத்தை மட்டும் விட்டுவிட்டு எல்லோரும் தள்ளித் தள்ளி உட்காருகிறார்கள், மரியாதைக்காம். நல்ல மனசுதான், ஆனால் பல் விழுந்த இடம் மாதிரி இருக்கிறது, நாக்கு அங்கேயேதான் போகிறது.

சரி, அன்றைக்கு நீ போனில் சொன்னதற்கு வருகிறேன். உன் வயசுப் பெண் ஒருத்தி உன் வார்டில் இறந்துபோனாள், நீதான் அவள் கண்ணை மூடிவிட்டாய், கையைக் கழுவிக்கொண்டு கேன்டீனுக்குப் போனாய், சாப்பாட்டில் உப்பு குறைச்சல் என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாய், பாதி சாப்பிட்ட பிறகுதான் உன்னைப் பார்த்து உனக்கே பயம் வந்தது. சர்ச்சிலும் அதே கதைதான்ப்பா, வாய் பாட்டுக்குப் பாடுது, கண்ணை மூடினா உள்ளே காலி வீடு மாதிரி இருக்கு, நடிக்கிறதைவிடப் போகாம இருக்கிறதே நேர்மைன்னு போறதை நிறுத்திட்டேன், ஆண்டவர் என்னை விட்டுட்டார்போல, அப்படின்னு சொன்னாய். இதை வாய்விட்டுச் சொல்ல நீ எத்தனை நாள் தவித்தாயோ. அதற்கு உன் அப்பன் சொன்ன பதில் என்ன, உனக்கு ரத்தம் கம்மி, முட்டை சாப்பிடு. நீயும் சரிப்பான்னு போனை வைத்துவிட்டாய். திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன், அந்தச் சரிப்பா என்னைத் தூங்கவிடவில்லை.

நான் ஏன் முட்டைக்குத் தாவினேன் தெரியுமா, நீ சொன்ன காலி வீட்டுக்கு என் கையிலும் ஒரு சாவி இருந்தது. உங்கம்மா அடக்கத்தன்று வந்தவர்களை எல்லாம் நான்தான் தேற்றினேன், சிரிக்கக்கூட வைத்தேன், என்ன விசுவாசம் பாருன்னு எல்லோரும் சொன்னார்கள். அதிலிருந்து ஒரு ஞாயிறு தவறவில்லை, ஒரு பாட்டு விடவில்லை, காலையில் வேதத்தைத் திறந்து வாசித்துவிட்டு மூடுவேன், என்ன வாசித்தேன் என்று கேட்டால் முழிப்பேன். அதைக் குறை என்றே நான் நினைக்கவில்லை, மனசு திடமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னோடு ஐஸ் ரூமில் வேலை செய்கிற ஒட்டடைக்குச்சியை உனக்குத் தெரியுமே, வீட்டுக்கு வந்தபோது நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டு நிலைப்படியிடம் மன்னிப்புக் கேட்டானே, அவன்தான். எங்கள் வேலையில் ஒரு சட்டம் உண்டு, உள்ளே ஒருத்தன் தனியாகப் போகக் கூடாது, இரண்டு பேராகத்தான் போகணும், ஒரு அடுக்குப் பெட்டி இறக்கி முடித்ததும் ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பார்க்கணும், மூக்கு நுனி, கன்னம், காது எங்காவது மெழுகு மாதிரி வெளுத்திருந்தால் அந்த நிமிஷமே வெளியே. ஏனென்றால் உறைகிறவனுக்கு அது தெரியாது. முதலில் வலிக்கும், அப்புறம் வலி நின்றுவிடும், ஆஹா பழகிவிட்டது என்று அவன் நிம்மதியாக இருப்பான், அந்த நிம்மதிதான் ஆபத்து. நீ போனில் பேசிய இரண்டு நாளில் நான் ஏதோ யோசனையில் தொப்பியின் காது மூடியை இழுத்துவிடாமல் உள்ளே போய்விட்டேன், நல்ல குரலில் சர்ச் பாட்டுப் பாடிக்கொண்டே பெட்டி இறக்குகிறேன், ஒட்டடைக்குச்சி திரும்பிப் பார்த்தவன் யோவ் அண்ணே, காது செத்துக்கிட்டிருக்கு, நீ கச்சேரி பண்ணிக்கிட்டிருக்கன்னு கத்தி, காலரைப் பிடித்து என்னை வெளியே இழுத்துப் போட்டான். ஹீட்டர் பக்கம் போகிறேன் என்றேன், விடவில்லை, செத்த காதுக்குச் சூடு தெரியாதுண்ணே, வெந்தாலும் தெரியாது, சும்மா நில்லுன்னு தன் உள்ளங்கையை வைத்துப் பொத்திக்கொண்டான். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, அப்புறம் வந்தது பார் வலி, கதவுகிட்ட நின்று குதித்தேன். அவன் பல்லை இளித்துக்கொண்டு, வலிக்குதா, அப்போ காது உன்னோடதுதான், வச்சுக்கோ என்றான்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. டீ குடிக்கும்போது மெல்ல ஆரம்பித்தான், அண்ணே தப்பா எடுத்துக்காத, உங்க பாட்டு எனக்கு ஒன்னும் புரியாது, ஆனா அக்கா இருந்தப்போ நீ பாடினா நடுவுல தொண்டை அடைச்சு நின்னுடுவ, நான் பெட்டியைப் பிடிச்சுக்கிட்டே காத்துக்கிட்டிருப்பேன். இப்பல்லாம் ஒரு தடவைகூட நிக்கிறதில்லை, ரேடியோ மாதிரி ஓடுது. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. சர்ச் வாசலை மிதிக்காதவன், எனக்குப் பாட்டு சொல்லித் தருகிறாயா என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து தனியாகப் பாடிப் பார்த்தேன். நிற்கவில்லை. கடைசி வரி வரைக்கும் ஓடியது. அப்போதுதான் பயந்தேன், உப்புக் கேட்டுவிட்டு நீ பயந்தாயே, அதே பயம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தையல்கடை அக்கா வீட்டில் ஜெபக்கூட்டம். என் ஜெபம் உனக்குத் தெரியாததா, கிளம்பினால் தேசத் தலைவர்கள், ஆஸ்பத்திரி, பரீட்சை எழுதும் பிள்ளைகள் என்று எல்லா ஸ்டேஷனிலும் நின்று நின்றுதான் ஆமென் போய்ச் சேரும். அன்றைக்கும் என் முறை வந்ததும் வண்டி தானாகக் கிளம்பப் பார்த்தது, பிடித்து நிறுத்தினேன். ஆண்டவரே எனக்கு ஒன்னுமே தெரியலை, உம்மகிட்டப் பேசறேனா சுவத்துகிட்டப் பேசறேனான்னு தெரியலை, ரொம்ப நாளாச்சு, நீரே பாரும் என்றேன். அவ்வளவுதான், மேலே வரவில்லை. பாஸ்டர் கண்ணைத் திறந்து என் வாயைப் பார்த்தார், பக்கவாதம் என்று நினைத்திருப்பார் பாவம். தையல்கடை அக்காதான் எழுந்து வந்து என் தலையில் கைவைத்தார்கள், எனக்கும் அப்படித்தான் தம்பி, மெஷின் மிதிக்கிற மாதிரி மிதிச்சுக்கிட்டிருக்கேன், நான் மட்டும்தான்னு வெட்கப்பட்டு வாயை மூடிக்கிட்டிருந்தேன் என்றார்கள். அப்புறம் திக்கித் திக்கி எனக்காக ஜெபித்தார்கள், அதைவிடத் திக்கி நான் அவர்களுக்காக ஜெபித்தேன்.

உடனே மின்னல் அடித்தது என்று எழுத ஆசைதான், சாட்சி சொல்ல நன்றாக இருக்கும், ஆனால் ஒன்றும் அடிக்கவில்லை. தினமும் காலையில் ஒரே ஒரு வரி உண்மையைச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன், இன்னைக்கும் ஒன்னும் தெரியலை ஆண்டவரே, ஆனா வந்திருக்கேன், அவ்வளவே. அப்புறம் ஒரு நாள் சோப்பு வாங்கக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பழக்கத்தில் உங்கம்மா வாங்குகிற அந்தப் பச்சை சோப்பையும் சேர்த்து எடுத்து வைத்துவிட்டு, ஐயோ என்று திரும்ப எடுக்கப் போனார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன் மகளே. பட்டப்பகலில், பின்னால் வரிசை நிற்கிறது, உன் அப்பன் சோப்பைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுகிறான். ஆண்டவரே எடுத்துட்டீரேன்னு சண்டையே போட்டேன், சர்ச் தமிழில் இல்லை, என் தமிழில். அப்பப்பா, அந்த வலி. ஆனால் அன்றைக்குப் போட்ட கூப்பாட்டுக்கு எதிரே ஆள் இருந்தார். அவர் எங்கேயும் போயிருக்கவில்லை, எனக்குத்தான் மரத்துப்போயிருந்தது. அதற்கப்புறம் தினமும் அப்படியே இருக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன், சில நாள் மறுபடியும் ரேடியோதான், ஆனால் இப்போது எனக்கு அது தெரிகிறது.

அதனால் கேள், இது புத்திமதி இல்லை, அப்படி இருந்தாலும் அப்பனுக்கு உரிமை உண்டு. சாவைத் தினமும் தொடுகிற கை நடுங்காமல் இருக்கணும், அது உன் வேலை, அதைக் குற்றமாக நினைக்காதே. ஆனால் டியூட்டி முடிந்தும் மனசை அங்கேயே வைத்துவிட்டு வராதே. உணர்ச்சி வரணும் என்று பெரிய சத்தம் போடுகிற கூட்டமாகத் தேடி ஓடாதே, அது ஹீட்டரில் காதை வைக்கிற கதை. பக்கத்தில் சின்னதாக ஒரு சபை இருந்தாலும் போதும், போய்க் கடைசி பெஞ்சில் உட்கார், பாட வரவில்லை என்றால் பாடாதே, ஒரே ஒருத்தரிடம் மட்டும் எனக்கு ஒன்னும் தெரியலை என்று சொல். நடிக்காமலும் சர்ச்சுக்குப் போகலாம் வாயாடி, போகாமல் இருப்பதுதான் நேர்மை என்று யார் சொன்னது. தனியாக மட்டும் இருக்காதே. லீவு தரவில்லை என்று உங்கள் ஹெட் நர்ஸ் மேல் வைத்திருக்கிற கோபத்தையும் விட்டுவிடு, அதைப் பொத்தி வைத்தால் மனசில் அதன் பக்கத்தில் இருப்பதெல்லாம் சேர்ந்து உறைந்துவிடும். இறந்துபோன அந்தப் பெண்ணின் பேர் உனக்குத் தெரிந்திருக்கும், அவளைப் பெற்றவர்களுக்காக ஒரு வரி ஜெபி, மனசு வராவிட்டாலும் பரவாயில்லை, வாயாவது வரட்டும்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் கைபட்ட நோயாளிகள் எழுந்து நடக்கட்டும், நீயும் நடக்கவேண்டும். சம்பளம் வந்ததும் எனக்கு அனுப்புவதற்கு முன்னால் உனக்கு நல்ல செருப்பு வாங்கிக்கொள், நின்று நின்று கால் வீங்குகிறது என்றாயே. முட்டையும் சாப்பிடு, அதில் நான் மாறவில்லை. ஒட்டடைக்குச்சியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன், உன் விஷயத்தையும் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. ஆண்டவர் யாரென்றே தெரியாத அந்த நெட்டையன் தினமும் காலையில் கையுறை மாட்டும்போது கேட்கிறான், அண்ணே பாப்பா சர்ச்சுக்குப் போச்சா, யார்கிட்டயாவது சொல்லுச்சான்னு. அவனுக்கு என்ன சொல்லட்டும், எழுது.

இப்படிக்கு,
உன் பதில் வரும் வரைக்கும் மேல்வீட்டு நாயோடு பேசிக்கொண்டிருக்கும்
உன் அப்பா