செல்வியின் அம்மா இல்லாத அட்டவணை

11 டிசம்பர் 1993, சனி

கிருஷ்ணன்கோவிலில் இன்று புள்ளியியல் மென்பொருள் பயன்படுத்துவோர் மாநாடு. ராஜபாளையம் நூற்பாலைத் தொழிலாளர்களின் மூச்சை இரண்டு வருடம் அளந்த ஆய்வை வாசித்தேன். பஞ்சுத் தூசியால் பெரிய பாதிப்பில்லை என்று முடித்தேன். கைதட்டினார்கள். ஆலை மேலாளர் ஒரு பிரதி வாங்கிக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில், என்னோடு வீடு வீடாக அலைந்து அளவெடுத்த செல்வி கேட்டாள்: "ஏப்பா, எங்கம்மா எந்த அட்டவணையில இருக்கா?"

ஆலையில் வேலை பார்த்த அவள் அம்மா, முதல் வருடம் அளவு கொடுத்துவிட்டு, இரண்டாம் வருட அளவுக்கு முன்பே இறந்துவிட்டார். ஒருவரின் வரிசையில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் மென்பொருள் அந்த ஆளையே நீக்கிவிடும் என்றேன்.

"செத்தவுக அம்புட்டுப் பேரையும் எடுத்துட்டு, மிச்சப் பேரு நல்லா இருக்காகன்னு சொல்லிட்டியாக்கும்?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எத்தனை பேரை நீக்கியது என்பதை மென்பொருள் திரையில் காட்டத்தான் செய்தது. நான் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பக்கத்துக்குப் போனேன்.