பையோடு பழகும் வரை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம் என்று எழுதத்தான் கை வருகிறது, பாதி நலம் என்று வைத்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் குட்டியும் முழு நலமாக இருக்கவேண்டும். கால் வீக்கம் வடிந்ததா, உப்பைக் குறைத்தாயா? போனிலேயே சொல்லலாமே என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ அழுவாய், நான் ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று மழுப்புவேன், கடைசியில் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவோம். அதனால்தான் எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

குடலில் கட்டி, ஆபரேஷன் செய்து எடுத்தாகிவிட்டது என்று மட்டும்தான் உனக்குச் சொன்னோம். கட்டி அடிக்குடலில் இருந்ததால் பழைய வழியைத் தைத்து மூடிவிட்டு, குடலின் நுனியை வயிற்றின் இடது பக்கம் வெளியே எடுத்து வைத்திருக்கிறார்கள். இனி மலம் போவது அந்த வழியாகத்தான், அதன்மேல் ஒரு பை ஒட்டியிருக்கும். கொஞ்ச நாளைக்கு இல்லை, ஆயுசுக்கும். டாக்டர் இதைச் சொன்னபோது அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், நான் தையல் ஒழுங்காக இருக்குமா என்று கேட்டேன். வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை. ஆபரேஷனுக்கு முந்தின நாள் இந்தப் பை விஷயத்துக்கென்றே இருக்கிற நர்ஸ் வந்தாள், உன் வயசுதான் இருக்கும். படுக்கச் சொன்னாள், நிற்கச் சொன்னாள், மெஷினில் தைக்கிற மாதிரி குனியச் சொன்னாள், வயிறு மடிகிற இடத்தையெல்லாம் விட்டுவிட்டுப் பேனாவால் ஒரு புள்ளி வைத்தாள். ஊரையே அளவெடுத்த என்னை அன்றைக்குத்தான் ஒருத்தி அளவெடுத்தாள்.

வீட்டுக்கு வந்தபிறகும் அவள்தான் வாராவாரம் வந்து பார்க்கிறாள். முதலில் நான் அந்தக் குடல் நுனியைப் பார்க்கவே மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சிவப்பாக, ஈரமாக, வாய்க்குள் இருக்கிற சதை மாதிரி இருக்கிறது, தொட்டால் வலிப்பதில்லை, அதுவே எனக்குப் பயமாக இருந்தது. பையின் பின்பக்கம் இருக்கிற ஒட்டுத்தாளில் அதன் அளவுக்கு ஓட்டை வெட்டி ஒட்டவேண்டும். கத்தரிக்கோல் என்றதும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது, நானே வெட்டிக்கொள்கிறேன் என்று வீறாப்பாகச் சொன்னேன். வெட்டியது எப்படி? அளவுக்கு மேல் விரல் அகலம் தாராளமாக விட்டு. இறுக்கமாகத் தைத்தால் திட்டு விழும், லூஸாக இருந்தால் பிறகு பிடித்துத் தைத்துக்கொள்ளலாம், இதுதானே நம் பிழைப்பு. துணி வேறு தோல் வேறு என்று எனக்கு உறைக்கவில்லை. விட்ட இடத்திலெல்லாம் மலம் பட்டுத் தோல் வெந்து, பை நிற்காமல் ஒழுகி, படுக்கை விரிப்பெல்லாம் நாசம். அப்பாதான் துவைத்துப் போட்டார். நானோ நர்ஸிடம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அளந்துகொண்டிருந்தேன். அவள் பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, என்னம்மா இது, வளர்ற பிள்ளைக்குத் தைச்ச மாதிரி வெட்டியிருக்கீங்க, இது வளராதும்மா, போகப்போக சுருங்கத்தான் செய்யும் என்றாள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மறுபடி அளந்து, ஒட்ட வெட்டச் சொல்லிக்கொடுத்து, மருந்துப் பவுடர் போட்டுவிட்டுப் போனாள். இப்போது தோல் ஆறி வருகிறது.

அந்த வழியாகக் காற்றுப் பிரிகிற சத்தம்தான் மானத்தை வாங்குகிறது. நினைத்த நேரத்தில் கடமுடா என்கிறது, அடக்க வழியில்லை. தைக்கக் கொடுக்க யாராவது வந்திருந்தால் துணியே இல்லாமல் மெஷினை ஓட்டிவிடுகிறேன். எதிர்வீட்டு டீச்சர், ஆபரேஷன் முடிஞ்ச கையோட இப்படி உழைக்கணுமாக்கா என்று பரிதாபப்படுகிறாள். உழைப்பு எங்கே, ஒரு காலர் தைத்தால் பாதி நாள் படுத்துவிடுகிறேன். சாப்பிட்டால் பை நிறையுமே என்று சோற்றைக் கண்டாலே பயம், நர்ஸ் அதற்கும் கோபித்துக்கொண்டாள், கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுகிறேன். அலுப்பாக இருக்கிறது கண்ணு. உடம்பைவிட மனசு அலுத்துப்போயிற்று.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எப்பம்மா வர்றே என்று நீ கேட்கும்போதெல்லாம் வர்றேன் வர்றேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பிரசவத்துக்கு அவ்வளவு தூரம் என்னால் வர முடியாது. நர்ஸிடம் கேட்டேன். பையோட ஊர் உலகமெல்லாம் போறவங்க இருக்காங்கம்மா, நீங்களும் போவீங்க, ஆனா இப்ப வேண்டாம், பிள்ளையைத் தூக்குற பலம் வயித்துக்கு வரட்டும் என்றாள். உன் தேதிக்குள் அது வராது என்று எனக்கே தெரிகிறது. அப்பாவை அனுப்பினால் குழந்தையை சைக்கிள் கழுவுகிற மாதிரி கழுவுவார், போதாததற்கு எனக்கும் இங்கே அவர் வேண்டும். அதனால் உன் மாமியாரை வரச் சொல். நானே அவரிடம் பேசிவிட்டேன், மறுவார்த்தை சொல்லாமல் சரி என்றார், நல்ல மனுஷி. நான் இருக்கவேண்டிய இடத்தில் அவர் இருப்பதை நினைத்தால் வயிறு எரியத்தான் செய்கிறது, பை இருக்கிற பக்கம் இல்லை, மற்றப் பக்கம். அவர் ஒன்று சொன்னால் எங்கம்மா இப்படிச் செய்யமாட்டாங்க என்று எதிர்த்துப் பேசாதே.

சுகமாகப் பெற்று எழுந்திரு, தாயும் பிள்ளையும் நூறு வருஷம் நன்றாயிருங்கள். மாப்பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம். இரும்புச்சத்து மாத்திரையைத் தவறவிடாதே. ஒன்றே ஒன்று கேட்கிறேன். வலி எடுக்கும்போது எனக்குப் போன் செய், கத்து, அழு, எவ்வளவு நேரமானாலும் கேட்டுக்கொண்டிருப்பேன். ஆனால் வாம்மா என்று மட்டும் சொல்லிவிடாதே. சொன்னால் கிளம்பிவிடுவேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்