மாமி வீட்டில் நீல முட்டை

2025 ஜூலை 6, ஞாயிறு

இன்றும் முட்டை இல்லை. மூன்று பெட்டைக் கோழிகளும் தின்கின்றன, கிளறுகின்றன, மதிலேறிப் பக்கத்து வீட்டு முனவ்வறா ராத்தாவின் முற்றத்தில் எச்சமிட்டுவிட்டு வருகின்றன. முட்டையிட மட்டும் அதுகளுக்கு நேரமில்லை.

இவற்றை விற்ற குருநாகல்காரன் சத்தியம் செய்தான் — ஒன்று இடும் முட்டை நீலமாம், ஒன்று பச்சையாம், ஒன்று சொக்கலேட் நிறமாம். நம்பி, சாய்ந்தமருது முழுக்கச் சொல்லிவிட்டேன். இப்போது நான் வேலைசெய்யும் பாமசிக்கு வருகிறவர்கள் மருந்துத் துண்டை நீட்டமுன் கோழிகளின் சுகம் விசாரிக்கிறார்கள்.

மாமி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கலியாணம் முடித்து ஏழு மாதம். என்னோடு ஒரு வார்த்தை நேரே கதைத்ததில்லை. மருமகனிடம் வெட்கமாம், மரியாதையாம். எனக்குச் சொல்ல வேண்டியதைத் தன் மகள் நஸ்லாவுக்குச் சொல்லுவார். நஸ்லா இல்லாவிட்டால் சுவருக்கு. இன்று சுவரிடம் சொன்னது: "இதுகளுக்குப் போடுற தீன எனக்குப் போட்டிருந்தா நானே ஒரு முட்டை இட்டிருப்பன்."

சிரிப்புத்தான். ஆனாலும் சுருக்கென்றது. வீடு நஸ்லாவுடையது, சுற்றியுள்ள வளவு மாமியுடையது. மருதமுனையிலிருந்து ஒரு சூட்கேஸோடு வந்து ஏறிய எனக்கு, என்னுடையது என்று இங்கே இருப்பது இந்த மூன்று கோழிகள்தான். அவையும் மானத்தை வாங்குகின்றன.

ஜூலை 9, புதன்

நீலம்! அல்லாஹ் அறிய நீலம்! விடியச் சுபஹு தொழுதுவிட்டு வந்து கூட்டைத் திறந்தால், வைக்கோலுக்குள் கிடக்கிறது — துவைத்துத் துவைத்து வெளுத்த நீலச் சேட்டின் நிறத்தில். பாமசிக்குப் பிந்திப்போய் ஏச்சு வாங்கினேன். கவலையே இல்லை.

ஜூலை 10

மாமி நம்பவில்லை. முட்டைக்குச் சவர்க்காரம் போட்டு, தேங்காய்த் தும்பால் உரசிக் கழுவிப் பார்த்திருக்கிறார். நிறம் போகவில்லை. சந்தேகமும் போகவில்லை.

"பாமசிக்காரருக்கு ஒரு கோழிக்கு நிறம் மாத்துற குளிசை குடுக்கிறது பெரிய வேலையா?" — சுவரிடம்தான்.

பொரித்ததை நானும் நஸ்லாவும் தின்றோம். உள்ளே எல்லா முட்டையையும் போல மஞ்சள்தான். நாங்கள் மயங்கி விழுகிறோமா என்று மாமி குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 17

பச்சையும் வந்துவிட்டது. சொக்கலேட்காரி இன்னும் யோசிக்கிறாள்.

ஜூலை 20, ஞாயிறு

போச்சு. எல்லாம் போச்சு.

கூட்டுக் கதவைச் சரியாகச் சாத்தாதது நான்தான். மூன்றும் மாமியின் கீரைப் பாத்திக்குள் இறங்கிவிட்டன. பொன்னாங்காணி, வல்லாரை — ஒன்றில்லாமல் வேரோடு கிளறி எறிந்திருக்கின்றன. மாமி பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துச் சத்தம் போட்டார்:

"இந்த வளவுல ஒண்டு இதுகள் இரிக்கணும், இல்லாட்டி நான் இரிக்கணும்!"

ஏன் எனக்கு நேரே ஏசினா என்ன? நான் என்ன விருந்தாளியா? நேரே ஏசினா நேரே மன்னிப்புக் கேட்டிருப்பன். சுவரிட்ட எப்பிடி மன்னிப்புக் கேக்கிற? மூண்டையும் நாளைக்கு மருதமுனைக்கு, என்ட உம்மாட ஊட்ட கொண்டு விடப்போறன். முடிவு.

நஸ்லாவிடமும் சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது.

ஜூலை 21, திங்கள்

இப்படி ஒரு நாளை நான் கண்டதில்லை.

நஸ்லா பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போனபின், அரைநாள் லீவு போட்டு, கோழிகளைக் கூட்டோடு ஓட்டோவில் ஏற்றி, வெயில் படாமல் உடுத்துப் பழசான என் சாரத்தால் மூடினேன். தீன் சாக்கை எலி கடித்திருந்தது. கொட்டிக்கொள்ள வேறொன்றும் அகப்படவில்லை. தீனை என் சூட்கேஸில் கொட்டித் தூக்கிக்கொண்டேன். வாசலில் முனவ்வறா ராத்தா.

"பெட்டியோட எங்க தம்பி?"

"உம்மாட ஊட்ட."

அவ்வளவுதான் சொன்னேன். கோபம் இன்னும் முகத்தில் இருந்திருக்க வேண்டும். மாப்பிள்ளை பெட்டியோடு உம்மா வீட்டுக்குப் போனால் எங்கள் ஊர்களில் அதற்கு ஒரே அர்த்தம்தான். இந்த மண்டைக்கு அது ஏறவில்லையே! ஓட்டோ கல்முனையைத் தாண்டமுன் சாய்ந்தமருதில் கதை பரவிவிட்டது — சப்ரி நஸ்லாவை விட்டுட்டுப் போயிட்டான்.

உம்மாவும் பெட்டியைக் கண்டதும் தலையில் கைவைத்து அழத் தொடங்கினார். திறந்து தீனைக் காட்டியபின்தான் ஒரு தேத்தண்ணி கிடைத்தது. இருவரும் சிரித்து முடியவில்லை, வாசலில் இன்னோர் ஓட்டோ வந்து நின்றது. மாமி. தனியாக.

முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு நேரே என் முன்னால் வந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"மருமகன், நான் ஏசினது கோழிக்கு. உங்களுக்கில்ல. என்ட புள்ளைக்காக ஊட்ட வாங்க."

ஏழு மாதத்தில் மாமி எனக்கு நேரே சொன்ன முதல் பேச்சு. பெட்டிக்குள் தீன்தான் மாமி என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுக்கமுன் உம்மா காலால் பெட்டி மூடியைச் சாத்தினார். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்.

"அவன் வருவான். ஆனா கோழியும் வரும்."

"ஓம், வரட்டும். நல்ல கூடொண்டு நானே அடிப்பிச்சுத் தாறன்," என்றார் மாமி.

உம்மாவை இத்தனை நாளும் ஒரு சாது என்று நினைத்திருந்தேன்.

ஜூலை 22

நேற்றிரவு நான் சொன்னதையெல்லாம் நஸ்லா மாமியிடம் சொல்லிவிட்டாள். பெற்ற உம்மாவிடம் அவளுக்கு ஒன்றும் மறைக்க வராது. வேலை முடிந்து வந்து சைக்கிளை நிறுத்தமுன் மாமி அகப்பையோடு முற்றத்துக்கு வந்தார்.

"கோழித் தீனுக்கா நான் றோட்டெல்லாம் அழுதுக்கிட்டு மருதமுனைக்கு ஓடி வந்தன்? வெக்கமில்லையா உங்களுக்கு? கள்ளன்! உம்மாவும் மகனும் சேர்ந்து நல்லா நடிச்சிரிக்கீங்க! என்ட கீரைப் பாத்திய இந்தக் கிழமைக்குள்ள திரும்பப் போட்டுத் தரணும், விளங்கிச்சா?"

"ஓம் மாமி."

"ஓம் மாமியாம்! நிண்டுக்கிட்டு இரிக்காம கால கழுவிட்டு வாங்க, சோறு ஆறுது."

கதவுக்குப் பின்னால் நஸ்லா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்தான் கலங்கியது. ஒரு வார்த்தை விடாமல் முழுவதையும் நின்று கேட்டேன். பிறகு போய், இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, நானே கேட்டு இரண்டாம் தரம் சோறு போட்டுத் தின்றேன்.