எங்கே என் கற்கண்டு?

இன்று காலை கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு பைக்கற் கற்கண்டு வாங்கினேன், டொக்டர். கையில் அது சரசரத்ததும் நீங்கள் வந்து நின்றுவிட்டீர்கள். மேலே போய்ச் சேர்ந்த பிறகும் வார்ட் சுற்றுவதை விடமாட்டீர்கள் போலிருக்கிறது.

அன்று என் கணவரின் சேர்ட் பொக்கற்றிலும் அப்படியொரு பைக்கற் இருந்தது. பிள்ளை பிறந்ததும் எல்லோருக்கும் கொடுக்க வாங்கியது. ஆனால் தாதிமார் தங்களுக்குள் குசுகுசுத்ததைக் கண்டதும் மனுசன் அதைப் பிரிக்கவேயில்லை. பார்க்க வந்த சொந்தக்காரரும் மழையைப் பற்றிக் கதைத்துவிட்டுப் போனார்கள்.

நீங்கள் வந்து கட்டிலோரம் இருந்தீர்கள். "பொம்பிளைப் பிள்ளை பிறந்திருக்கு, எங்க என்ர கற்கண்டு?" என்று கையை நீட்டினீர்கள். ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு மகளைத் தூக்கி, என்னிடம் பெயர் கேட்டு, "தர்ஷினியோ? வாங்கோ தர்ஷினி" என்றீர்கள். என் பிள்ளையை முதலில் வரவேற்றது நீங்கள்தான்.

பிறகு, அவளை மடியில் வைத்தபடியே, ஒன்றும் மறைக்காமல் சொன்னீர்கள். "இவவுக்கு டவுன் சின்ட்ரோம் எண்டு நினைக்கிறன். ரத்தம் சோதிச்சு நிச்சயப்படுத்துவம். எல்லாம் கொஞ்சம் சுணங்கித்தான் வரும்."

நான் அழுது முடியும்வரை எழும்பாமல் இருந்தீர்கள். எனக்குத் தெரியவேண்டியிருந்தது ஒன்றுதான்.

"என்னை அம்மா எண்டு கூப்பிடுவாளோ?"

"அநேகமாக் கூப்பிடுவா. ஆனா ஒருக்காத் தொடங்கினா, போதும் நிப்பாட்டு எண்டு நீங்களே சொல்லுவியள்."

சுணங்கத்தான் செய்தது. பின்னால் பிறந்த தம்பியே அவளை முந்திக்கொண்டான். ஒரு பின்னேரம் நான் வடை சுட்டுக்கொண்டிருக்க, முதுகுக்குப் பின்னால் "அம்மா" என்றாள். வடை கருகியது. ஓடிப்போய் உங்களுக்கு போன் எடுத்தேன். "எங்க என்ர கற்கண்டு?" என்றீர்கள்.

நிப்பாட்டு என்று மட்டும் சாகும்வரை சொல்வதில்லை என்று அன்றே முடிவெடுத்தேன். உங்களிடம் தோற்க எனக்கு விருப்பமில்லை.

இப்போது அந்தத் தம்பிக்கு மகள் பிறந்திருக்கிறாள். யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் முதலில் கற்கண்டு கேட்பது உங்களிடமிருந்து எனக்கு ஒட்டிய பழக்கம். இன்றைக்கு கற்கண்டு கொடுக்கும் முறை எங்களுடையது. பைக்கற்றை தர்ஷினிதான் தூக்கிக்கொண்டாள். காலி வீதி நெரிசலில் பஸ் ஹோர்னை எல்லாம் மீறி ஒரே சத்தம். "அம்மா, நான் இப்ப மாமியெல்லே? அம்மா, பஸ்ஸுக்கு நிக்கிற அன்ரிக்கும் குடுக்கட்டோ? அம்மா... அம்மா!"

"போதும் பிள்ளை, கொஞ்சம் நிப்பாட்டு!"

சொல்லியே விட்டேன், டொக்டர். நடைபாதையில் நின்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். ஜெயித்தது நீங்கள்தான். ஆனால் உங்கள் பங்குக் கற்கண்டையும் அவளே தின்றுவிட்டாள்.