படத்தில் இல்லாத படகு

வடகரை,
4.8.2024

மதிப்புக்குரிய மகாதேவன் ஐயா அவர்களுக்கு,

வடகரையிலிருந்து இசக்கிச்செல்வி எழுதுவது. நான் படித்தது அஞ்சாம் வகுப்புத்தான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விலாசம் என் மகள் அபர்ணா தேடித் தந்தாள்.

என் வீட்டுக்காரர் மணிமுத்து ஆனி மாதம் தவறிவிட்டார். தேங்காய் லாரி ஓட்டியவர். சர்க்கரை வியாதியில் இரண்டு கண்ணும் போய்விட்டது. நீங்கள் உளவாளியாக நடித்த அந்தப் பழைய படம் என்றால் அவருக்கு உயிர். கல்யாணத்துக்கு முன்னே தென்காசியில் எத்தனையோ தடவை பார்த்தாராம். படம் ஓடும்போதே நீங்கள் கூட இருந்து ஒவ்வொரு காட்சிக்கும் அதை எடுத்த கதையைப் பேசிப் பதிந்திருக்கிறீர்களே, அதை அபர்ணா போனில் போட்டுக் கொடுத்தாள். "இந்தப் படியில் இறங்கும்போது செருப்பு கடித்தது" என்று நீங்கள் சொன்னால் இவர் சிரிப்பார். கண் திரும்பி வந்த மாதிரி இருக்கும்.

ஆனால் கடைசிக் காட்சியில், "இனி நான் பேசமாட்டேன், நீங்களே பாருங்கள்" என்று சொல்லிவிட்டீர்கள். படத்திலும் அங்கே பேச்சு கிடையாது. கண்ணில்லாதவர் என்னத்தைப் பார்ப்பார்? "என்னட்டி நடக்கு? சொல்லு" என்பார். போனைப் பார்த்துச் சொல்வேன்: பாலத்தில் ஓடுதார், சுட்டுட்டான், விழுந்துட்டார், அசைவில்லை. "நீ சொல்லுத லட்சணத்துல துப்பாக்கியே கொட்டாவி விடும்" என்று கேலி பண்ணுவார்.

வைகாசியில் டாக்டர் கைவிரித்துவிட்டார். இவரிடம் நான் மூச்சு விடவில்லை. அன்று சாயங்காலமும் படம் கேட்டார். விழுந்துட்டார் என்று என் வாயில் வரவில்லை. "எந்திரிச்சுட்டார், கீழ ஒரு படகு நிக்கி, ஏறிப் போயிட்டார்" என்றேன். நான் கண்ட படகு குற்றாலத்துப் படகுக்குளத்தில் உள்ளதுதான், அதுதான் வாயில் வந்தது. அவர் சிரிக்கவில்லை. என் கையைத் தடவிப் பிடித்து, "டாக்டர் என்னட்டி சொன்னாரு?" என்றார்.

அடுப்பில் பால் இருக்கு என்று எழுந்து போய்விட்டேன். பிறகு அவரும் கேட்கவில்லை.

ஐயா, அந்தக் கடைசிக் காட்சிக்கும் நீங்கள் பேசித் தரவேண்டும். அவர் போட்டோ முன்னால் போடணும். என்னால் சொல்ல முடியவில்லை.

இப்படிக்கு
மணிமுத்து மனைவி இசக்கிச்செல்வி


சென்னை,
19.8.2024

அன்புச் சகோதரிக்கு,

தொண்டையில் ஆபரேஷன் செய்து என் குரல் போய்விட்டது, அம்மா. கேட்டதைத் தர வழியில்லை. மன்னியுங்கள்.

இத்தனை வருடமாக அந்தப் பாலத்தில் விழுந்துகொண்டே இருக்கிறேன். என்னைப் படகில் ஏற்றிவிட்டது நீங்கள் ஒருவர்தான். அந்தப் படகு எங்கே போனது? எழுதுங்கள்.

அன்புடன்
மகாதேவன்


வடகரை,
2.9.2024

மகாதேவன் அண்ணாச்சிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சாரல் இன்னும் விடவில்லை, துணி காயவில்லை. நேற்று போட்டோ முன்னால் படத்தை ஓடவிட்டேன். நீங்கள் பேச்சை நிறுத்தின இடத்தில் நான் சொல்ல ஆரம்பித்தேன்.

படகு அந்தக் கரைக்குப் போகுது. கரையில் ஒரு தேங்காய் லாரி நிற்கும். டிரைவருக்குக் கண் நல்லாத் தெரியும். "ஏறுங்க அண்ணாச்சி" என்பார். ஏறிக்கொள்ளுங்கள். வாய் நிறைய வெற்றிலையோடுதான் ஓட்டுவார், பயப்படவேண்டாம்.

போகிற வழியில், டாக்டர் என்ன சொன்னார் என்று உங்களிடம் கேட்பார். நீங்கள் வாய் திறக்காதீர்கள். பேசமாட்டேன் என்று சொன்னவர்தானே.

நான் வந்து சொல்லிக்கொள்கிறேன்.

தங்கச்சி
இசக்கிச்செல்வி