நாற்பத்தொன்றாம் பொட்டலம்

என்னங்க,

கோபம் ஆறியதா என்று கேட்க மாட்டேன். ஆய்வகச் சேதி மட்டும் எழுதுகிறேன்.

சோதனைக்கு வரும் மூலிகைப் பொடிகளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். ஆனால் நாற்பத்தொன்றாம் பொட்டலத்தைக் கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. நூலை மூன்று சுற்றுச் சுற்றி ஓரத்தில் முடிச்சுப் போடும் வைத்தியர் ஊரில் ஒருவர்தான்.

போன வருஷம் உங்கள் கரிசலாங்கண்ணிப் பொடியில் ஈயம் இருந்தது. சாலையோரச் சாக்கடையில் பறித்த செடி. விற்கக் கூடாது என்று நான்தான் கையெழுத்துப் போட்டேன். "கட்டின புருஷனையே காட்டிக் கொடுத்துட்டியே" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு உங்கள் அண்ணன் வீட்டுக்குப் போனீர்கள். "ஆத்தங்கரையில பறிங்க, வேரை நல்லா அலசுங்க" என்று வாசல்வரை கத்திக்கொண்டே வந்தேன். காதில் விழவில்லை என்றுதான் நினைத்தேன்.

விழுந்திருக்கிறது. இந்தப் பொட்டலத்தில் இரும்புச் சத்து அப்படியே இருக்கிறது. ஈயம் கருவிக்குத் தட்டுப்படவே இல்லை. நம்பாமல் இரண்டு முறை பார்த்தேன். மூன்றாவது முறை சும்மா வாசனைக்காகத் திறந்தேன்.

மற்றவர்களுக்கு அறிக்கை தபாலில் போகும். நாற்பத்தொன்றில் மட்டும் "நேரில் வந்து வாங்கிக்கொள்ளவும்" என்று எழுதிவிட்டேன். தினமும் ஐந்து மணிவரை ஜன்னலோரம்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
காட்டிக் கொடுத்தவள்